நூலின் பருமையும் நாட்டு வழக்கும்

‘பிள்ளை பாதி, புராணம் பாதி’ என்பது தமிழ்நாட்டிற் சைவர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு பழமொழி. பிள்ளை என்றது ஆளுடைய பிள்ளையாராகிய திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரை. புராணம் என்றது சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணத்தை. அப்பெருநூலிற் பாதி பிள்ளையார் வரலாறேயாம் என்பது அதன் பொருள். எண்ணிப் பார்ப்பார்க்கு இக்கணக்குப் பொருந்தாது. நூல் முழுமையும் 4286 திருவிருத்தம். அதனுட் பிள்ளையார் புராணம் 1256. மூன்றிலொரு பங்கும் நிரம்பிற்றில்லை. ஆயினும் பழமொழி பொய்யென்று தள்ளத்தக்கதன்று. திருநாவுக்கரசர், சிறுத்தொண்டர், முருகர், திருநீலநக்கர், திருநீலகண்டப் பெரும்பாணர், குலச்சிறையார், மங்கையர்க்கரசியார் ஆகியோர் வரலாறுகளிலும் பிள்ளையார் வந்து கலந்திருத்தலின், கேட்போர் நெஞ்சில் அவர் வரலாறே பாதியென நிலைத்தது போலும். ஏட்டிலுள்ள அளவு வேறு, கேட்டார் நெஞ்சில் நின்ற அளவு வேறு என்பது இதனாற் புலனாகும்.

நூல் பெரிதாயிருத்தல் அது நாட்டிற் பயிலுதற்குத் துணையாமோ, தடையாமோ என்னும் வினாவிற்கு இருதிறத்தார் இருவகையாக விடை கூறுவர். பெருங்காப்பியமே நிலைபெறும், சிறு நூல்கள் வந்தவாறே மறையும் என்பார் ஒருசாரார். நாவில் நிற்பதே நிலைபெறும், நாவில் நிற்பன சிறியனவே என்பார் மற்றொருசாரார். இருவரும் தத்தமக்கு வேண்டிய சான்றுகளையே எடுத்துக்காட்டி ஏனையவற்றைக் கண்டுங் காணார்போல் விடுப்பர். ஆகலின் ஒரு பொருளே சிறிதாயும் பெரிதாயும் பலகாற் பாடப்பட்ட இடங்களை நோக்குதலே நேரிய வழியாகும். அத்தகைய இடங்கள் தமிழிற் பல உள. அவற்றுள் திருத்தொண்டர் வரலாறு தலைசிறந்தது.

சுந்தரமூர்த்தி நாயனார் திருவாரூரில் அருளிய திருத்தொண்டத்தொகை பதினொரு திருப்பாட்டாலாயது. அதன்கண் தனியடியார் அறுபதின்மரும் தொகையடியார் ஒன்பதின்மரும் போற்றப்படுகின்றனர். ஓரடியார்க்குப் பெரும்பாலும் ஒரு தொடரே கிடைக்கும், சிலர்க்கு ஓரடி. பின்னர் நம்பியாண்டார் நம்பிகள் திருத்தொண்டர் திருவந்தாதியில் அத்தொடர் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பாட்டாக விரித்தார். சுந்தரரும் அவர்தம் தந்தையார் சடையனாரும் தாயார் இசைஞானியாரும் கூட்டப்பெற்றுத் தனியடியார் தொகை அறுபத்து மூன்றாயிற்று. அந்தாதி ஏறக்குறையத் தொண்ணூறு பாட்டளவில் நின்றது. அநபாய சோழன் எனப்படும் இரண்டாங் குலோத்துங்கன் (1133–1150) காலத்தே சேக்கிழார் அதனை 4286 பாட்டாக விரித்தார். பதினொன்று தொண்ணூறாகி, தொண்ணூறு நாலாயிரமாயிற்று.

ஏன் விரிக்க வேண்டிற்று? உமாபதி சிவாசாரியர் பெயரால் வழங்கும் திருத்தொண்டர் புராண வரலாறு இதற்கு விடை கூறுகின்றது. சோழன் சீவக சிந்தாமணியில் ஈடுபட்டு அதனையே கேட்டு மகிழ்ந்திருந்தான் என்றும், அமைச்சராகிய சேக்கிழார் அதனை மறுத்துச் சிவகதை கேட்குமாறு உரைத்தனர் என்றும், அரசன் அச்சிவகதை யாதென வினவத் தொகையையும் வகையையும் எடுத்துச் சொல்லினர் என்றும், அவ்விரண்டையும் கேட்ட அரசன் அவற்றை விரித்துப் பாடித்தருக என வேண்டினான் என்றும் அந்நூல் கூறும். சிந்தாமணி மூவாயிரத்து நூற்றுக்கு மேற்பட்ட விருத்தங்களாலாய பெருங்காப்பியம். நாளும் அவையிலிருந்து கதை கேட்டுப் பழகிய அரசனுக்குப் பதினொரு பாட்டாலாய பதிகம் வணங்கத்தக்கதாயிற்றேயன்றி, பன்னாள் இருந்து கேட்டு மகிழத்தக்கதாகவில்லை. ஒரு பெருநூல் பிடித்திருந்த இடத்தை மற்றொரு பெருநூலாலன்றி மீட்டல் அரிதாயிற்று என்க. தில்லையிற் சித்திரைத் திருவாதிரையில் தொடங்கிய அரங்கேற்றம் மறு சித்திரைத் திருவாதிரையில் நிறைவெய்திற்று எனவும் அந்நூலே கூறும். ஓராண்டு முழுதும் ஊர் கூடியிருந்து கேட்டற்கு இடந்தந்தது நூலின் பருமையே.

அங்ஙனமாயின் தொகை மறைந்ததோ எனின், மறைந்திலது. சேக்கிழார் அதனை மறையவிடாமற் காத்தார். முதலிலுள்ள திருமலைச் சருக்கமும் இறுதியிலுள்ள வெள்ளானைச் சருக்கமும் ஒழிய, இடைநின்ற சருக்கங்கள் பதினொன்றும் தொகையின் பாட்டு முதற்குறிப்பாலேயே பெயர் பெற்றன. விரிநூலைக் கற்பான் ஒவ்வொரு சருக்கத்தும் தொகையை நினைந்தே புகவேண்டும். தன் மூலத்தைத் தின்று வளர்ந்த பெருநூல்கள் உலகிற் பல உள. மூலத்தைத் தோளிலேற்றிச் செல்லும் பெருநூல் ஒரு சிலவே. இடையில் நின்ற அந்தாதியின் நிலையோ வேறு. பதினோராந் திருமுறையுள் வைக்கப்பெற்ற பெருமை அதற்கு உண்டாயினும், புலவரும் ஆராய்ச்சியாளருமன்றி அதனை நாடோறும் எடுப்பார் சிலரே. தொகை சிறிதாகலின் ஓதப்பட்டது. விரி பெரிதாகலின் கேட்கப்பட்டது. வகை ஓதுதற்கு நீண்டது, கேட்டற்குக் குறுகியது. நடுத்தர அளவென்பது எல்லார்க்கும் ஏற்றதெனக் கருதுவார் இவ்வந்தாதியின் நிலையை எண்ணிப் பார்த்தல் நன்று.

புராணத்தினுள்ளேயும் இவ்வாராய்ச்சியைச் செலுத்தலாம். ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணம் நானூறு பாட்டுக்கு மேற்பட்டது. ஆயினும் கலிக்காமர் பெயரைச் சொன்ன மாத்திரையில் அவர் செயலை எடுத்துரைப்பார் மிகச் சிலர். அப்புராணத்திற் பெரும்பகுதி சுந்தரர் வரலாறாதலே அதற்குக் காரணம். பூசலார் நாயனார் புராணமோ இருபது பாட்டையும் எட்டாது. நெஞ்சினாற் கோயிலெடுத்த அவ்வடியாரை அறியாத தமிழ் மகனில்லை. காடவர் கோமான் கச்சியில் எடுத்த கற்றளிக்கு முற்பட்டு நின்றவூர்ப் பூசலாரின் மனக்கோயிலில் இறைவன் புகுந்தான் என்னும் அச்செய்தி ஒருமுறை கேட்டார்க்கு மறவாது. அது நீட்டிக்கப்படாமையே அதன் வலி.

ஏட்டுச்சுவடியும் அச்சும் மட்டுமே நூலைப் பரப்பின என்று கருதுதலும் பிழை. தாராசுரத்தில் இரண்டாம் இராசராசன் (1146–1173) எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலில் நாயன்மார் வரலாறுகள் சிறு சிறு சிற்பங்களாக வரிசையுற அமைக்கப்பட்டு, பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. நாலாயிரம் பாட்டை ஓதமாட்டாதான் ஒருமுறை வலம்வந்து கண்ணாற் கற்றுக்கொள்வான். பெருநூலொன்று குறுகிக் கல்லிற் புகுந்து நாட்டில் நடமாடிற்று. பிற்காலத்தே ஆறுமுக நாவலர் 1852ஆம் ஆண்டிற் பெரியபுராணத்தை வசனமாக எழுதி அச்சிட்டபோது, செய்யுள் பயிலாத இல்லங்களிலும் அஃது ஓதப்படுவதாயிற்று. மூலம் பெரிதாயிருந்தமையாலேயே இத்தகைய வழிகளெல்லாம் வேண்டியவாயின என்பதும் உண்மை.

தேவாரத்தின் வரலாறு இதனினும் நுட்பமானது. மூவர் அருளிய பதிகங்கள் இலக்கத்துக்கு மேற்பட்டன எனவும், தில்லையிற் பூட்டியிருந்த அறையிற் செல்லரித்தன போக எஞ்சியனவே கிடைத்தன எனவும் திருமுறைகண்ட புராணம் கூறும். இன்று கிடைப்பன ஏறக்குறைய எண்ணூறு பதிகங்கள். பாட்டாக எண்ணின் எண்ணாயிரத்துக்கு மேற்படும். பழைய எண்ணை அவ்வாறே கொள்ளினும் கொள்ளாதொழியினும், மிகப் பெரியதொரு தொகுதி முழுமையும் காக்கப்படுதல் அரிதென்பது அவ்வரலாற்றின் உட்கிடை. பனையோலை நெடுநாள் நிற்பதன்று. சில தலைமுறைக்கு ஒருமுறையேனும் பெயர்த்தெழுதவேண்டும். பெயர்த்தெழுதுவார்க்குக் கூலியும், ஏட்டுக்கு விலையும், பிழை நோக்குவார்க்குப் பொழுதும் வேண்டும். சிறுநூலை ஒரு மாணாக்கன் தன் பாடத்தின் பொருட்டே எழுதிக்கொள்வான். பெருநூலை எழுதுவிக்க மடமோ கோயிலோ செல்வரோ முன்வர வேண்டும்.

முன்வந்தாரும் உளர். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தற்குப் பாடுவார் நாற்பத்தெண்மரையும் முழக்குவார் இருவரையும் நியமித்து, நாடோறும் நெல் அளந்த செய்தி அக்கோயிற் கல்வெட்டிலே காணப்படும். தேவாரம் நிலைத்தமைக்கு அதன் இசையும் அருளும் முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. அளந்த நெல்லும் ஒரு காரணமென்று சொல்லுதல் அதற்கு இழுக்காகாது. பாடுவான் வயிறு நிரம்பினாலன்றிப் பண் நிற்குமாறில்லை.

இத்துணைப் பெருந்தொகுதியினை ஒருவனே நாடோறும் ஓதுதல் இயலாதாகலின், திரட்டுகள் தோன்றின. அகத்தியர் தேவாரத் திரட்டு என்பது இருபத்தைந்து பதிகங்களை எடுத்துத் தந்தது. உமாபதி சிவாசாரியர் தொகுத்த தேவார அருள்முறைத் திரட்டோ, திருவருட்பயனின் பத்து அதிகார வைப்புக்கு இயையத் தொண்ணூற்றொன்பது பாட்டை நிரல்பட வைத்தது. கோயில்களில் ஓதுவார்கள் பஞ்சபுராணம் என ஓதும் முறையோ இன்னுஞ் சுருங்கியது: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்னும் ஐந்தினின்றும் ஒவ்வொரு பாட்டு. தீபாராதனைக்குக் காத்து நிற்கும் அன்பர் பலர் அவ்வைந்து பாட்டையே கேட்டிருப்பர். நாலாயிரத்திருநூற்றின் இடத்தில் அவர்க்குக் கிடைப்பது ஒன்று. பெருநூலுக்கு வாயிலாகும்பொருட்டு அமைந்த திரட்டு, வாயிலாக நில்லாது வீடாகவே மாறிவிடுமாயின் உள்ளிருக்கும் அறைகளெல்லாம் பூட்டியே கிடக்கும். பழைய ஆசிரியர்கள் திரட்டினை முதற்பாடமாக வைத்தார்களேயன்றி முடிந்த பாடமாக வைத்திலர்.

சிறியதைப் பெரியது வென்று நின்ற இடமும் உண்டு. மதுரைத் திருவிளையாடல்களைப் பெரும்பற்றப்புலியூர் நம்பி முதலிற் பாடினார். அது திருவாலவாயுடையார் திருவிளையாடற் புராணம் எனப்படும். ஏறக்குறைய ஆயிரத்து எழுநூற்றைம்பது பாட்டு. காலத்தாற் பிற்பட்ட பரஞ்சோதி முனிவர் அதே பொருளை அறுபத்து நான்கு படலமாக, மூன்று காண்டமாக, 3363 பாட்டாற் பாடினார். பாட்டளவில் ஏறக்குறைய இருமடங்கு. விளையாடல்களின் வரிசையும் இரண்டிலும் வேறு. குறுகியதே பரவும் என்னும் கொள்கை உண்மையாயின் நம்பியின் நூலே நாட்டில் நின்றிருத்தல் வேண்டும். நிகழ்ந்தது மறுதலை. பரஞ்சோதியார் நூல் மாணாக்கர் பாடமாகவும், கோயிலில் வாசிக்கப்படுவதாகவும், அம்மானை கும்மி நாடகங்களுக்கு மூலமாகவும் பரவிற்று. நம்பியின் நூலோ ஏட்டளவில் ஒடுங்கிக் கிடந்து, 1906ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த பின்னரே பலர்க்கும் தெரியவந்தது. பரஞ்சோதியார் செய்யுளின் ஒழுகிசையும், வருணனையின் இனிமையும், கதையை நிறுத்திச் சொல்லும் ஆற்றலும் இதற்குக் காரணம். அவர் பாடல்களிற் பலவற்றை முதன்முறை கேட்கும் மாணாக்கனும் பொருளுணர்ந்து செல்வான். நம்பியின் பாட்டிற் பழமையும் செறிவும் மிகுதி. எளிமையோடு கூடிய நீட்சி, அருமையோடு கூடிய சுருக்கத்தை வென்றது.

கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணமோ பதினாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களையுடையது. ‘கந்தபுராணத்தில் இல்லாதது எந்தப் புராணத்திலும் இல்லை’ என்னும் பழமொழியே அதன் பருமைக்குச் சான்று. அதனை யாழ்ப்பாணத்தார் போற்றியவாறு பிறர் போற்றினார் எனல் அரிது. அங்குள்ள கோயில்களில் ஆண்டுதோறும் குறித்த காலத்தே புராணபடனம் நிகழும். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பர். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவர். பாயும் பலகையும் ஏடும் விளக்குமே அதற்கு வேண்டிய கருவி. உழவரும் வணிகரும் முதியோரும் இளையோரும் திரண்டிருந்து கேட்பர். பயன் சொல்லுவார் ஒரு சொல்லிற் பிழைத்தால், எழுத்தறியாத முதியவரே அதனைத் திருத்துமளவுக்குக் கேள்வியறிவு அங்கு முதிர்ந்திருந்தது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) அந்நாட்டு வாழ்வினைக் கந்தபுராண கலாசாரம் எனப் பெயரிட்டு வழங்கினார். ஒரு நூலின் பெயரால் ஒரு நாட்டின் ஒழுகலாறே குறிக்கப்படுதல் எளிதிற் கிட்டும் பேறன்று. ஈண்டு நூலின் நீளம் தடையாகவில்லை. மாறாக, பன்னாள் கூடுதற்குக் காரணமாயிற்று. மூன்று நாளில் முடியும் நூலாயின் மூன்று நாளிற் கூட்டமும் கலைந்திருக்கும்.

அம்முருகப்பெருமான் புகழையே கூறும் சிறுநூல்கள் வேறொரு வழியாகப் பரவின. குமரகுருபர அடிகள் திருச்செந்தூரிற் பாடிய கந்தர் கலிவெண்பா 122 கண்ணியாலாயது. குட்டிக் கந்தபுராணம் என்றே அதனைச் சொல்லுவர். அது தனியே ஒருவர் தம் பூசையிலிருந்து ஓதுதற்கு உரியது. கூட்டங்கூட்டிப் பயன் சொல்லுதற்கு உரியதன்று. தேவராய சுவாமிகள் இயற்றிய கந்த சஷ்டி கவசத்தை ஓதாத முருகனடியார் இல்லம் இன்று அரிது. சூலமங்கலம் சகோதரியர் பாடிய ஒலித்தட்டு அதனை ஏடறியாதார் செவியிலும் புகுத்திற்று. அதனைக்கொண்டு ‘சிறுநூல் வென்றது’ என முடிவு கட்டலாமோ எனின், ஆகாது. அவ்வாசிரியர் அறுபடை வீட்டுக்கும் ஒவ்வொன்றாக ஆறு கவசம் பாடியுள்ளார். ஆறும் சிறு நூல்களே, ஆசிரியரும் ஒருவரே, பொருளும் ஒன்றே. அவற்றுள் ஒன்றே ஊரெங்கும் ஒலிக்கின்றது. ஏனை ஐந்தின் முதலடியைச் சொல்லவல்லார் எத்துணையர்? சுருக்கமே காரணமாயின் ஆறும் ஒருங்கே பரவியிருத்தல் வேண்டும்.

சாத்திர நூல்களிலும் இந்நிலையே காணப்படும். மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் கொடிக்கவி நான்கே பாட்டு, வினாவெண்பா பதின்மூன்று, உண்மைநெறி விளக்கம் ஆறு. இவற்றினுஞ் சிறிய சாத்திரம் வேண்டுமோ? ஆயினும் பயில்வார் தொகையை நோக்கின், சுபக்கத்தில் மாத்திரம் முந்நூற்றுக்கு மேற்பட்ட விருத்தங்களையுடைய சிவஞான சித்தியாரே முன்னிற்கின்றது. ‘சிவத்துக்கு மேல் தெய்வமில்லை, சித்திக்கு மேல் சாத்திரமில்லை’ என்ற பழமொழி கொடிக்கவிக்கு எழவில்லை. சுபக்கத்துக்கு அறுவர் உரை எழுதியுள்ளனர். மெய்கண்ட தேவர் பன்னிரண்டு சூத்திரத்தாற் செறித்து வைத்ததனை அருணந்தி சிவாசாரியர் விருத்தங்களால் விரித்துக் காட்டியமையால், கற்பார்க்குப் பிடிப்பு எளிதாயிற்று. சொற் சுருங்குதோறும் கற்பவன் உழைப்பு மிகும். எழுத்தெண்ணிப் பார்த்து எளிதெனக் கருதிக் கொடிக்கவியில் முதற்கண் புகுவான் விரைவில் மீள்வான்.

உரையிலோ வேறொரு நிகழ்ச்சி. மாதவச் சிவஞான முனிவர் சிவஞான போதத்துக்குச் சிற்றுரை ஒன்றும் மாபாடியம் ஒன்றும் எழுதி 1785ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்தார். சிற்றுரை பலர் கைக்கும் எட்டிற்று. மாபாடியம் திருவாவடுதுறை ஆதீனத்திற் பொன்னேபோற் போற்றப்பட்டு வெளிவராதிருந்தது. 1906ஆம் ஆண்டில் ஒரு பகுதியும், 1936ஆம் ஆண்டில் முழுமையும் அச்சாயின. நூற்றைம்பது ஆண்டு சித்தாந்த மாணாக்கர் பலர் அதன் பெயரையே கேட்டு ஏங்கினர். அது பயிலாமைக்குக் காரணம் அதன் பருமை மாத்திரம் அன்று, கிடையாமை. எழுதினோன் எண்ணிய அளவு ஒன்று. வைத்திருந்தோர் வகுத்த எல்லை ஒன்று. பின்னதனை மறந்து, ‘நீண்டதாகலின் பயிலவில்லை’ என்பது பொருந்தாது.

இனி, பெருநூல் செய்து பயன் முழுதும் எய்தாதார் வரலாறு ஒன்றுண்டு. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பாடிய தலபுராணங்கள் இருபதுக்கு மேற்பட்டன. திருநாகைக்காரோணப் புராணம், உறந்தைப் புராணம், குடந்தைப் புராணம், மாயூரப் புராணம் என ஊர்தோறும் அவர் புலமை நிலைபெற்றது. ஏடெழுதுவான் கை ஓயுமளவுக்கு வாயினாற் சொல்லிக்கொண்டே செய்யுள் இயற்றும் வன்மை அவர்க்கு இருந்தது. ஓர் ஊரிலுள்ள பெருமக்கள் வேண்டுவர், வடமொழி மான்மியத்தைப் பொருளறிந்து கொள்வார், செய்யுள் இயற்றுவார், கோயிலிற் பன்னாள் அரங்கேற்றம் நிகழும், இறுதி நாளிற் சால்வையும் பொருளும் அளிப்பர், ஏட்டினைச் சிவிகையில் வைத்து வலம் வருதலும் உண்டு. அன்றோடு அந்நூலின் வாழ்வு பெரும்பாலும் முடிவெய்தும். யாழ்ப்பாணத்திற் கந்தபுராணத்துக்கு வாய்த்ததுபோல் ஆண்டுதோறும் படிக்கும் முறை அத்தலங்களில் ஏற்படவில்லை. ஓர் ஊரின் தீர்த்தச் சிறப்பும் தலவிருட்சச் சிறப்பும் மற்றோர் ஊரார்க்கு வேண்டியதுமன்று. கற்பனையாலும் அணியாலும் முற்காப்பியங்களோடு ஒப்பவைக்கத்தக்க படலங்கள் அவற்றுள் உள. திருநாகைக்காரோணப் புராணத்தைப் பாடங்கேட்ட மாணாக்கர் அதன் சுவையை வியந்து பேசியுள்ளனர். இன்று அதனை முதல் தொடங்கி முடிவுவரை படித்தாரை எண்ணக் கைவிரல்கள் மிகையாம். இது தமிழுக்கு நேர்ந்த இழப்பேயாம். அவரே பாடிய சேக்கிழார் பிள்ளைத்தமிழ் சிறிதாயிருந்தும், அன்றிச் சிறிதாயிருந்தமையாலேயோ, சைவர் நாவில் இன்றும் நிற்கின்றது.

அவர் காலத்தே மாயூரத்தை அடுத்த ஆனதாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றினார். திருநாளைப்போவார் வரலாறு தொகையில் ஒரு தொடர். அந்தாதியில் ஒரு பாட்டு. சேக்கிழார் வாக்கில் முப்பத்தேழு பாட்டு. பாரதியார் அதனைப் பல இரவு கதை செய்தற்குரிய பெரிய இசைநாடகமாக்கினார். பிரெஞ்சு அதிகாரி சீசே என்பார் துணையால் 1861ஆம் ஆண்டளவிற் காரைக்காலில் அஃது அச்சாயிற்று. கதாகாலட்சேபக்காரர் வாயிலாக ஊரூராகப் பரவிற்று. 1935ஆம் ஆண்டிற் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படமும், 1942ஆம் ஆண்டில் எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்த படமும் அதன் வழியில் வந்தனவே.

பரவியது பாரதியார் கதை, சேக்கிழார் கதையன்று. ஆதனூரிற் கோயிற் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்துத் தம் பரம்பரைத் தொழிலுரிமையால் வாழ்ந்தவர் சேக்கிழார் காட்டும் நந்தனார். அவர்க்கு ஆண்டையில்லை. தில்லைக்குச் செல்ல விடை கேட்டற்கு ஒருவரும் இலர். தம் பிறப்பை எண்ணித் தாமே ‘நாளைப் போவேன்’ என்று தயங்கினார். பாரதியார் கதையிலோ கொடுமை செய்யும் வேதியர் ஒருவர் ஆண்டையாக வருகின்றார். நாற்பது வேலி நிலத்தை ஓரிரவில் விளைத்து முடித்தாலன்றித் தில்லைக்கு விடையில்லை என்கின்றார். சிவபூதங்கள் வந்து விளைத்துத் தருகின்றன. இவையொன்றும் பெரியபுராணத்தில் இல்லை. ஆயினும் நந்தனார் என்ற அளவில் நாட்டார் நினைப்பது நாற்பது வேலியையே. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தஞ்சைப் பண்ணைகளிற் பாரதியார் நேரிற் கண்ட அடிமை வாழ்வின் துயரமே அப்பாத்திரத்திற் புகுந்ததென்று கொள்ளுதல் தகும். கேட்டார் கண்ணீர் உகுத்தமைக்கும் அதுவே காரணம். மெய்ந்நூலிற் பயின்றார்க்கோ இது பெரியதொரு வருத்தம்: முப்பத்தேழு பாட்டைப் படித்தல் அரை நாழிகைக்கும் மிகாது, அதனைப் படியாமலே பல இரவு இருந்து மற்றொன்றைக் கேட்டனர்.

அவ்வருத்தம் பிள்ளையவர்களுக்கும் இருந்தது. பாரதியார் தம் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி அவரை அணுகியபோது, பெரியபுராணத்துக்கு மாறுபட்ட கதையும் இலக்கண வழுக்களும் அதன்கண் உளவென்பதனால் அவர் உடன்படாது நாள் கடத்தினார். பாரதியார் பலமுறை வந்து மீண்டனர். ஒருநாள் பிள்ளையவர்கள் உள்ளே இளைப்பாறிக்கொண்டிருக்க, பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனைகளைத் தமக்குத்தாமே பாடத் தொடங்கினார். செவிமடுத்த மகாவித்துவான் உள்ளம் உருகினார். கதை மாறுபட்டதென்பதனை அவர் மறந்தாரல்லர். பாட்டின் வழு நீங்கிற்றுமன்று. ஆயினும் அதுகாறும் மறுத்து வந்த சிறப்புப்பாயிரத்தைப் பாடிக் கொடுத்தார்.